காரணம் கேட்கும் படிப்பு

இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாருக்கும், என்னை அழைத்த பயிர் நோயியல் துறைக்கும் என் நன்றி. அறிமுகவுரையில் என்னைப் பற்றிச் சொன்னதில் பாதியைத் தயவுசெய்து கழித்துக்கொள்ளுங்கள். மீதிப் பாதியிலும் என் மாணவர்கள் செய்த வேலைதான் அதிகம்.

முன்வரிசையில் முதுநிலை முதலாண்டு மாணவர்களை உட்கார வைத்திருக்கிறார்கள். ஆய்வுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருக்கும் நேரம் இது. அதனால் அதைப் பற்றியே பேசலாம் என்று நினைக்கிறேன். பயிர் நோயியல் படிக்க வரும் ஒருவர் எந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறார்? அந்தக் கேள்வி அவருக்கு எங்கிருந்து வருகிறது?

எந்த வேளாண் கல்லூரி நூலகத்திலும் நம் துறை ஆய்வேடுகள் இருக்கும் அலமாரி முன் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். நிலக்கடலையில் வேர் அழுகல் நோயின் ஒருங்கிணைந்த மேலாண்மை, தக்காளியில் வாடல் நோயின் உயிரியல் மேலாண்மை, மஞ்சளில் கிழங்கு அழுகல் நோயின் மேலாண்மை. பயிரும் நோயும் மாறும், மேலாண்மை மட்டும் மாறாது. பிரித்தால் உள்ளேயும் அதே அடுக்குதான். சில ஊர்களில் கள ஆய்வு, நோயுற்ற செடியிலிருந்து பூசணத்தைப் பிரித்தெடுத்தல், பிறகு பெட்ரித் தட்டு. தட்டின் ஓர் ஓரத்தில் நோய்ப் பூசணம், எதிர் ஓரத்தில் டிரைக்கோடெர்மாவோ சூடோமோனாஸோ. இரண்டுக்கும் இடையே வளர்ச்சி நின்ற இடம் எத்தனை மில்லிமீட்டர் என்று ஓர் அட்டவணை. அடுத்து தொட்டிச் செடிகள், கடைசியில் ஒரே ஒரு பருவத்தில் ஒரு வயல் சோதனை.

சூடோமோனாஸ் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. கோவையில் உருவான அதன் பிஎஃப் 1 டால்க் பொடியை ஒரு கிலோ விதைக்குப் பத்து கிராம் கலக்க வேண்டும் என்பது இன்று விவசாயிகளுக்கு மனப்பாடம். அதற்குப் பின்னால் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. ஆனால் அதே சோதனையைப் பயிரை மாற்றி நூறாவது முறை செய்யும்போது புதிதாக என்ன தெரிந்துகொள்கிறோம்? தட்டில் நோயைத் தடுத்த நுண்ணுயிர் மண்ணிலும் அதே வேலையைச் செய்யும் என்ற உறுதி இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் செய்கிறோம்.

பழியை மாணவர் மேல் போடக்கூடாது. நாட்காட்டியைப் பாருங்கள். முதுநிலைப் படிப்பு நான்கு பருவம். பாடங்களும் தேர்வுகளும் முதலாண்டைத் தின்றுவிடுகின்றன. வயலுக்கென்று மிஞ்சுவது பெரும்பாலும் ஒரே ஒரு சாகுபடிப் பருவம். அந்தப் பருவத்தில் நோய் வர வேண்டுமே! நெல்லில் குலை நோய் வேண்டுமென்றால் இரவு குளிர்ந்து, இலையில் பனிநீர் பல மணி நேரம் தங்க வேண்டும். அந்த ஆண்டு வானிலை ஒத்துழைக்காவிட்டால் வயல் பச்சைப்பசேல் என்று நிற்கும். பக்கத்து வயல்காரர் சந்தோஷப்படுவார், ஆய்வு மாணவர் அழுவார். தட்டில் மட்டும் நோய் தவறாமல் வரும். எனவே எல்லோரும் தட்டுக்கே போய்ச் சேர்கிறார்கள்.

இன்னொரு காரணம் வெளியிலிருந்து வருவது. வாடிய செடியைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் விவசாயி, "என்ன மருந்து அடிக்கலாம்?" என்றுதான் கேட்பார். அவர் கேட்பது நியாயம். மருந்துக் கடைக்காரர் அந்தக் கேள்விக்கு அரை நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார். நாமும் அவரோடு போட்டி போடக் கிளம்பிவிட்டோம். இது என்ன நோய், எதனால் வந்தது, இந்த ஆண்டு ஏன் வந்தது என்ற மூன்றையும் கேட்பதற்குத்தான் சமூகம் நமக்குச் செலவு செய்து இரண்டு ஆண்டு தருகிறது.

இரண்டு ஆண்டில் என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்கு ஹாரி மார்ஷல் வார்டின் கதையைச் சொல்வது என் வழக்கம். இலங்கையின் மதுல்சீமைப் பகுதிக் காப்பித் தோட்டங்களில் 1869-இல் இலைகளின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறப் பொடி தென்பட்டது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் த்வைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பெர்க்லியும் ப்ரூமும் அந்தப் பூசணத்துக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார்கள். பெயர் கிடைத்துவிட்டது, ஆனால் தோட்டங்கள் சரிந்துகொண்டே போயின. பத்தாண்டு கழித்து, 1880-இல், வார்டை அனுப்பிவைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 25. இரண்டு ஆண்டு வேலை. கிட்டத்தட்ட உங்கள் படிப்பின் அளவு.

வார்டு என்ன செய்தார்? மருந்திலிருந்து தொடங்கவில்லை. இலையின் மேல் வித்துகளை வைத்து, ஈரம் கொடுத்து, அவை முளைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முளைக்குழல் இலையின் அடிப்புறத் துளைகள் வழியாக நுழைவதைக் கண்டார். நுழைந்ததிலிருந்து புள்ளி தெரியும் வரை எத்தனை நாள் ஆகிறது என்று எண்ணினார். கண்ணாடி வில்லைகளைத் தோட்டத்தில் தொங்கவிட்டு, காற்றில் வரும் வித்துகளைப் பிடித்தார். மலை மலையாக இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டு, நடுவிலிருந்த காட்டையும் வெட்டியதால் காற்றுக்குத் தடையே இல்லாமல் போனது என்று எழுதினார். தோட்ட முதலாளிகளுக்கு இது பிடிக்கவில்லை. அவர்கள் எதிர்பார்த்தது ஒரு மருந்து. அன்று அவர் கையில் இருந்ததெல்லாம் கந்தகமும் சுண்ணாம்பும்தான். அவை பெரிதாக உதவவில்லை. அவர் 1882-இல் ஊர் திரும்பினார். பிரான்சில் மில்லார்டே போர்டோ கலவை என்ற பூசணக்கொல்லியை வெளியிட்டது 1885-இல். மூன்றே ஆண்டு இடைவெளி.

காப்பி போயிற்று, தேயிலை வந்தது. இதில் நமக்கு ஒரு பங்கு உண்டு. காப்பித் தோட்டத்துக்குத் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் அறுவடைக் காலத்துக்குப் போய்த் திரும்பியவர்கள். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். வந்தவர்கள் குடும்பத்தோடு தங்கினார்கள், லயங்கள் பெருகின. மலையகத் தமிழரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கங்காணி முறையையும் கப்பல் கூலியையும் எழுதுகிறார்கள், எழுத வேண்டியதுதான். அந்த இலையடி ஆரஞ்சுப் பொடிக்கும் அதில் ஒரு பத்தி கொடுக்கலாம்.

வார்டு தோற்றவரா? தோட்டம் காப்பாற்றப்படவில்லை என்ற கணக்கில் தோற்றவர். இன்று உங்களில் ஒருவர் அந்த அறிக்கைகளை ஆய்வேடாகக் கொடுத்தால், பரிந்துரை எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பும் தேர்வாளர்களை எனக்குத் தெரியும். ஆனால் பூசண நோய் எப்படித் தொற்றுகிறது, எப்படிப் பரவுகிறது என்று வெப்பமண்டலத்தில் முறையாகப் பார்த்த முதல் வேலைகளில் ஒன்று அது. நோய்ப் பரவலியல் படிக்கும் எவரும் அந்த வேலையிலிருந்து தொடங்கலாம்.

காரணம் தெரிந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டு பல ஆண்டு உட்கார்ந்திருந்ததும் உண்டு. கத்தரியில் சிற்றிலை நோயை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இலை சிறுத்து, காம்பு குட்டையாகி, செடி புதர் போல் அடர்ந்து நிற்கும்; காய் பிடிக்காது. இந்த நோயை முதலில் விவரித்தது கோவையில்தான். தாமஸும் கிருஷ்ணசுவாமியும் 1939-இல் எழுதினார்கள். பூசணமும் இல்லை, பிரித்தெடுக்க பாக்டீரியாவும் இல்லை, ஆனால் ஒட்டுக் கட்டினால் பரவுகிறது, தத்துப்பூச்சி பரப்புகிறது. அப்படியானால் வைரஸ்தான். அன்றைய அறிவுக்கு அது பிழையில்லாத முடிவு. பாடப்புத்தகங்கள் அப்படியே எழுதின, தேர்வுத்தாள்கள் அப்படியே கேட்டன.

பிறகு 1967-இல் டோக்கியோவில் டோயியும் உடன் பணியாற்றியவர்களும் நோயுற்ற முசுக்கட்டைச் செடியின் சல்லடைக் குழாய்களை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். வைரஸ் துகளுக்குப் பதில், செல்சுவர் இல்லாத நுண்ணுயிர்கள் அங்கே இருந்தன. டெட்ராசைக்ளின் கொடுத்தால் அறிகுறிகள் பின்வாங்கின. வைரஸுக்கு டெட்ராசைக்ளின் ஒன்றும் செய்யாது. இன்று ஃபைட்டோபிளாஸ்மா என்கிறோம். நம் கத்தரிச் சிற்றிலை, எள்ளின் பச்சைப்பூ நோய், சந்தனத்தின் ஸ்பைக் நோய் எல்லாம் ஒவ்வொன்றாக அந்தப் பட்டியலுக்கு மாறின.

இதை நான் ஜப்பானியரைப் புகழ்வதற்காகச் சொல்லவில்லை. செல்சுவர் இல்லாத அந்த நுண்ணுயிரை ஊடகத்தில் வளர்ப்பது இன்றும் பெரும்பாடு. அதனால் நோய்க்குக் காரணத்தை நிறுவும் காக்கின் விதிகளை அதற்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் முதலாண்டில் ஒரு பக்கத்தில் படித்துத் தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடும் அந்த நான்கு விதிகள் நம் துறையின் உயிர்நாடி. பிரித்தெடுத்ததைத் திரும்ப நலமான செடியில் செலுத்தி, அதே நோய் வருகிறதா என்று பார்த்து, அதையே மறுபடி பிரித்தெடுக்க வேண்டும். இன்றைக்கு மாணவர்கள் நோயுற்ற திசுவிலிருந்து டிஎன்ஏ எடுத்து, வரிசை படித்து, கணினியில் ஒப்பிட்டு, 99 விழுக்காடு ஃபியூசேரியம் என்று வந்தவுடன் காரணம் கண்டுபிடித்தாயிற்று என்று எழுதிவிடுகிறார்கள். அழுகிய வேரில் யார்தான் குடியிருக்க மாட்டார்கள்? அங்கே இருந்தவர் யார் என்பதுதான் வரிசையில் தெரியும். நோயை உண்டாக்கியவர் யார் என்று செடிதான் சொல்ல வேண்டும்.

அடுத்து கோதுமைக்குப் போகிறேன். தமிழ்நாட்டில் கோதுமைக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஆக்ரா கல்லூரியில் கே. சி. மேத்தா என்ற பேராசிரியர் இருந்தார். வட இந்தியச் சமவெளியில் கோடை வெயில் துரு நோயின் வித்துகளைக் கொன்றுவிடுகிறது. ஆனாலும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் துரு மறுபடி வந்துவிடுகிறது. எங்கிருந்து? ஐரோப்பாவில் கோதுமைக் கருந்துரு பார்பெர்ரி என்ற புதரில் மாறித் தங்கி வரும் என்பதை டி பாரி 1865-இல் நிறுவியிருந்தார். இமயமலையிலும் பார்பெர்ரி உண்டு. கையோடு அதையே காரணம் என்று சொல்லியிருக்கலாம். மேத்தா சொல்லவில்லை. ஆண்டுக்கணக்கில் மலை மலையாகத் தேடி, இந்தியாவில் அந்தப் புதருக்கு இதில் சொல்லத்தக்க பங்கில்லை என்று காட்டினார். மலைகளில் கோடையிலும் பயிராகவோ தானாக முளைத்தோ நிற்கும் கோதுமையில்தான் துரு உயிர்பிடித்திருந்தது. அந்த மலைகளில் முக்கியமானவை வடக்கே இமயம், தெற்கே நீலகிரியும் பழனி மலையும்.

நீலகிரியில் மிஞ்சிய கருந்துரு எப்படி நடு இந்தியாவுக்குப் போகிறது என்பதை 1970-களில் எஸ். நாகராஜனும் உடன் பணியாற்றியவர்களும் வானிலை வரைபடங்களோடு சேர்த்துப் பார்த்தார்கள். நவம்பரில் தென்னிந்தியாவை ஒட்டி உருவாகும் புயல், நகரும் பாதை, அதன் பின் நடு இந்தியாவில் மழை. இவை கூடி வந்த ஆண்டுகளில் வித்துகள் மழையோடு கோதுமை வயலில் இறங்கின. நமக்குப் புயல் என்றால் கடலூரும் நாகப்பட்டினமும் நினைவுக்கு வரும். மத்தியப் பிரதேசத்துக் கோதுமைக்காரருக்கும் அதில் ஒரு கணக்கு இருந்திருக்கிறது. இன்றும் நீலகிரியின் வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நிலையம், சமவெளியில் கோதுமை இல்லாத மாதங்களில் அதை வளர்த்து, துரு தாங்கும் வரிசைகளைத் தேர்ந்தெடுக்கிறது.

கவனித்துப் பாருங்கள்: மேத்தாவின் கேள்வி எந்தத் தனி மாணவரின் இரண்டு ஆண்டிலும் அடங்காது. அது அவர் வாழ்நாளையும் தாண்டியது. 1950-இல் அவர் இறந்த பின் அவருடைய ஆய்வின் இரண்டாம் பகுதி 1952-இல் வெளிவந்தது. நாகராஜன் தொடங்கிய இடம் அவர் விட்ட இடம். என் வாதம் இதுதான். கேள்வி துறைக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். மாணவர் அதில் ஒரு பருவத்தை வாங்கிச் செய்துவிட்டு, அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இந்த ஆண்டு நோய் வரவில்லை என்பதும் அப்போது ஒரு தகவலாகிவிடும். ஏன் வரவில்லை என்று வானிலைப் பதிவோடு எழுதலாம். தனித்தனித் தலைப்பு வைத்திருக்கும் மாணவருக்குத்தான் நோய் வராத ஆண்டு வீணான ஆண்டு.

கரும்பில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். செவ்வழுகல் நோயை இந்தியாவில் பார்பர் 1901-இல் கோதாவரிப் படுகையிலிருந்து பதிவு செய்தார். தண்டை நீளவாக்கில் பிளந்தால் உள்ளே சிவந்து, குறுக்கே வெள்ளைத் திட்டுகள் இருக்கும். புளித்த சாராய வாடை அடிக்கும். ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு ஆயுளுக்கும் மறக்காது. கடலூரில் உருவான கோசி 671 என்ற ரகம் சர்க்கரைச் சத்தில் ஆலைகளின் செல்லப்பிள்ளையாக இருந்தது, செவ்வழுகலில் விழுந்தது. அதைத் தாக்கிய பூசண வகைக்கு சிஎஃப் 06 என்று எண். வட இந்தியாவில் கோ 0238 ரகம் உத்தரப் பிரதேசக் கரும்புப் பரப்பில் பெரும்பகுதியைப் பிடித்தது. சில ஆண்டுகளில் அதைத் தாக்க சிஎஃப் 13 வந்தது. மலை மலையாக ஒரே பயிர் என்று வார்டு எழுதியதற்கும், மாவட்டம் மாவட்டமாக ஒரே ரகம் என்பதற்கும் அதிக தூரமில்லை.

அந்த எண்கள் எப்படி வந்தன? ஒவ்வோர் ஆண்டும் வயல்களிலிருந்து பூசணத்தைப் பிரித்தெடுத்து, ஒரே தொகுதி ரகங்களில் செலுத்திப் பார்த்து, பழையதோடு ஒப்பிட்டு வந்ததால். பழையது கையில் இருந்ததால் ஒப்பிட முடிந்தது. இந்த இடத்தில் கொஞ்சம் கோபத்தோடு பேச அனுமதியுங்கள். ஆய்வேடு அட்டை கட்டப்பட்டு, வாய்மொழித் தேர்வு முடிந்து, எல்லோருக்கும் சமோசா கொடுத்தாயிற்று. மாணவர் பிரித்தெடுத்த பூசண வளர்ப்புகள் எங்கே? குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டில் பேர் அழிந்த சோதனைக் குழாய்களாக. அடுத்த மாணவர் இடம் வேண்டும் என்று அவற்றை ஆட்டோகிளேவில் போட்டுக் கொட்டிவிடுவார். டெல்லியிலும் புனேயிலும் மாவிலும் தேசிய அளவிலான பூசணச் சேமிப்பகங்கள் இருக்கின்றன. எட்வின் பட்லர் 1905-இல் தொடங்கிய பூசணத் தாவரத் தொகுப்பு இன்றும் டெல்லியில் இருக்கிறது. அந்தப் பட்லர்தான் கோதாவரிப் பனைமரங்களின் குருத்தழுகலிலிருந்து ஒரு பூசணத்தை விவரித்தார். இன்று உலகெங்கும் கோகோ மரத்தை வாட்டும் ஃபைட்டோஃப்தோரா பால்மிவோரா அதுதான். பெயரிலேயே பனை இருக்கிறது. மாதிரியைப் பத்திரப்படுத்தினால்தான் இப்படிப்பட்ட தொடர்புகள் நிலைக்கும்.

நார்மன் போர்லாக்கைச் சொல்லாமல் இந்தத் துறையில் யாரும் சொற்பொழிவை முடிப்பதில்லை, நானும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். வனவியல் படித்த அவர், மினசோட்டாவில் ஸ்டாக்மன் துரு நோய்களைப் பற்றிப் பேசியதைக் கேட்டு இந்தத் துறைக்கு வந்தவர். 1942-இல் முனைவர் பட்டம் பெற்றது பயிர் நோயியலில்தான். இதற்கு மேல் அவரைப் பற்றி நீங்களே படித்துக்கொள்ளலாம்.

நான் கொஞ்சம் நின்று பேச விரும்புவது எஸ். ஒய். பத்மநாபனைப் பற்றி. 1943-இல், வங்காளத்தில் மக்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தபோது, பூசணவியலாளராக அங்கே வேலைக்குப் போனவர் அவர். முப்பது ஆண்டு கழித்து, 1973-இல், ஒரு கட்டுரை எழுதினார். 1942-இல் நெற்பயிரைப் பழுப்புப் புள்ளி நோய் பெரிய அளவில் தாக்கியது, விளைச்சல் குறைந்ததற்கு முதன்மைக் காரணம் அது என்றார். சான்றாக அவர் வைத்தது பாங்குரா, சின்சுரா ஆகிய இரு நெல் ஆராய்ச்சி நிலையங்களில் ரகவாரியாகக் குறித்துவைத்த விளைச்சல் கணக்கு. நிர்வாகத் தோல்வியையும் அவர் மறைக்கவில்லை.

அதன் பின் 1981-இல் அமர்த்தியா சென், 1941-ஐ விட 1943-இல் உணவு இருப்பு குறைவாக இல்லை, வாங்கும் சக்தியை இழந்தவர்கள்தான் மடிந்தார்கள் என்று வாதிட்டார். உலகம் அதை ஏற்றது. நானும் பெருமளவுக்கு ஏற்கிறேன். ஆனால் அந்த இருப்புக் கணக்கே பயிர் முன்கணிப்பை நம்பியது, நோய் தின்றதை அது கண்டதா என்ற மறுகேள்வியும் எழுந்தது. அங்கேதான் பாங்குரா, சின்சுரா பதிவேடுகள் மறுபடி பேசப்பட்டன. இரு தரப்பையும் படியுங்கள். வயலில் பயிர் குறைந்ததற்குக் காரணம் பூசணம் என்று சொல்ல நமக்குத் தகுதி உண்டு. மனிதர் மடிந்ததற்கும் அதுவே காரணம் என்று சொல்ல இன்னும் பல துறைகளின் சாட்சியம் வேண்டும். ஒரு காரணம் எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதைக் கற்பது இந்தப் படிப்பின் கடினமான பகுதி. வாய்மொழித் தேர்வில் நான் அதையே கேட்பேன், பெரும்பாலும் பதில் வராது.

அந்த இரு நிலையங்களில் கணக்கு எழுதியவர்கள் யார் என்று நமக்குத் தெரியாது. எந்த ரகம், எந்த ஆண்டு, எவ்வளவு என்று ஒழுங்காக எழுதினார்கள், அவ்வளவுதான். உங்கள் வயல் ஏட்டில் "நோய் இல்லை" என்று எழுத வேண்டிய இடத்தில் காலியாக விடாதீர்கள். காலியிடத்துக்கு நோய் இல்லை என்றும் பொருள் கொள்ளலாம், அன்று நீங்கள் போகவில்லை என்றும் கொள்ளலாம்.

அறக்கட்டளைக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். ஆண்டுதோறும் வரும் வட்டியில் என்னைப் போன்ற ஓய்வுபெற்றவர்களுக்குப் பயணப்படியும் பொன்னாடையும் தருகிறீர்கள். ஓராண்டு விட்டு ஓராண்டு சொற்பொழிவை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தில் இரண்டு வேலை செய்யலாம். முதலாண்டு மாணவர்களின் பூசண வளர்ப்புகளைச் சேமிப்பகங்களுக்கு அனுப்பும் செலவைத் துறைக்குக் கொடுங்கள். மிச்சம் இருந்தால் ஒரு வேன் பிடித்து, மழைக்காலத்தில் அவர்களை வெலிங்டனுக்கு அனுப்புங்கள். சமவெளி முழுவதும் கோதுமை இல்லாத நேரத்தில் அங்கே துரு பிடித்த கோதுமை நிற்கும். துறைத்தலைவர் ஒப்புக்கொண்டால் இந்த ஆண்டே தொடங்கலாம். எனக்குத் தரவிருக்கும் தொகையை முதல் தவணையாக வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் கையில் பூதக்கண்ணாடியும், தடித்த ஸ்வெட்டரும் கொண்டுபோக வேண்டும்.